அம்மாவின் கை அச்சும் குரலும்: எப்படி எடுத்து வைப்பது?

தென்றல்:
அம்மாவுக்குப் புற்றுநோய். வீட்டிலேயே வலி நிவாரண சிகிச்சை நடக்குது. பத்து நிமிஷத்துக்கு மேல உட்கார முடியல. கை அச்சு எடுக்கணும், குரலையும் பதிவு செய்யணும். எது முதலில்? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நேரா கையை வைக்கலாமா?

களிமண்:
வைக்கவே கூடாது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகி, தோல் வெந்துபோகும். பல் அச்சு எடுக்கிற ஆல்ஜினேட் பொடி வாங்குங்க, பல் மருத்துவப் பொருள் விற்கிற கடையில் கிடைக்கும். ஒரு கைக்கு 450 கிராம் பாக்கெட் ஒன்று, பானைத் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர், இரண்டு லிட்டர் டப்பா. மாடித் தொட்டியில் சூடான தண்ணீர் வேண்டாம், கலக்கும்போதே இறுகிடும். முதலில் உங்க கையை வைத்து ஒரு தடவை பாருங்க.

மோதிரத்தைக் கழற்றி, லேசா எண்ணெய் தடவுங்க. ஊசி குத்தியிருக்கிற கை வேண்டாம். கலந்ததும் கையை அதில் இறக்கி, விரல் டப்பா அடியில் முட்டாம, அசையாம மூணு நாலு நிமிஷம். இறுகினதும் விரல்களை மெல்ல ஆட்டினா காற்று புகுந்து கை வழுக்கி வரும்.

உடனே அந்தப் பள்ளத்தில் டென்டல் ஸ்டோன் (பல் மாதிரி செய்யற கெட்டியான பிளாஸ்டர் பொடி) கரைத்து ஊற்றணும். தள்ளிப்போட்டா ஆல்ஜினேட் காய்ந்து சுருங்கும். ஒரு கிலோவுக்கு 300 மில்லி தண்ணீர். முதலில் கொஞ்சம் விட்டு டப்பாவைச் சாய்த்துத் தட்டுங்க. இல்லேன்னா காற்று மாட்டி, நுனியில்லாத விரல்தான் மிஞ்சும். ஒரு மணி நேரம் கழித்து ஆல்ஜினேட்டைக் கையாலேயே பிய்க்கணும், கத்தி பட்டா விரல் உடையும்.

ஒலிப்பேழை:
என்னைக் கேட்டா குரல்தான் முதலில். கை இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கும், குரல் சீக்கிரம் தேயும். மார்ஃபின் போட்டு ஒரு மணி நேரம் கழித்து வலி அடங்கியிருக்கும்; தூக்கம் வராம இருந்தா அதுதான் நேரம். ஃபேனை நிறுத்தி, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டு மேல வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைங்க.

“உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க”ன்னு கேட்டா யாருக்கும் பேச வராது. பழைய போட்டோவைக் காட்டி “இது யாரு?”ன்னு கேளுங்க. பேரப்பிள்ளைகளை அவங்க கூப்பிடுற மாதிரியே ஒவ்வொரு பேரா கூப்பிடச் சொல்லுங்க. சமையல் குறிப்புன்னா, “ஒரு கை மல்லி”ன்னு சொன்னதும் அவங்க கையாலேயே கிண்ணத்தில் போடச் சொல்லி, தராசில் நிறுத்துக் குறிச்சுக்குங்க.

தென்றல்:
நன்றி. ஆக்சிஜன் மெஷின் இரைச்சல்?

ஒலிப்பேழை:
நிறுத்தாதீங்க. குழாய் எட்டுற வரைக்கும் தள்ளி, கதவுக்கு வெளியே வைங்க. பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புறதா இருந்தா டாக்குமென்டா அனுப்புங்க. பென்டிரைவிலும் ஒரு பிரதி இருக்கட்டும், கோப்புப் பேரில் தேதியைப் போட்டு.