பெரிய யுனிவர்சிட்டியில் பாடம் எடுப்பது யார்?

ஆன்_ஆர்பர்_அப்பா:
நேற்று நியூஜெர்சி_அம்மா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. “பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்த்தால் முதல் இரண்டு வருடம் பாடம் எடுப்பது டி.ஏ.தான் (டீச்சிங் அசிஸ்டென்ட், அதாவது அங்கேயே மேற்படிப்பு படிக்கும் மாணவர்), பேராசிரியர் முகத்தையே பார்க்க முடியாது. இளங்கலைப் படிப்பையே முக்கியமாக நடத்தும் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜில் போடுங்கள்” என்கிறார். என் மகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. அவளுடைய வேதியியல் வகுப்பில் முந்நூறு பேர் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் மேடையில் நின்று பாடம் நடத்தியது பேராசிரியர். டி.ஏ. வாரம் ஒரு தடவை சின்னக் குழுவாக உட்காரவைத்துச் சந்தேகம் தீர்ப்பார், அவ்வளவுதான். எந்தக் காலேஜ் என்று மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டிய பெற்றோரைப் பயமுறுத்தாதீர்கள்.

நியூஜெர்சி_அம்மா:
அண்ணா, நான் தெரியாமல் எழுதவில்லை. என் பையன் வில்லியம்ஸ் காலேஜில் படிக்கிறான். மொத்தமே சுமார் இரண்டாயிரம் மாணவர்கள். அங்கே டுடோரியல் என்று ஒரு வகுப்பு உண்டு. இரண்டு மாணவர்கள், ஒரு பேராசிரியர். ஒரு வாரம் இவன் கட்டுரை எழுதி வாசிப்பான், இன்னொருவன் அதைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்பான். அடுத்த வாரம் மாற்றி. முந்நூறு பேர் ஹாலில் இது நடக்குமா? சின்னக் குழுவை டி.ஏ. பார்க்கிறார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சந்தேகம் கேட்பது அவரிடம், மார்க் போடுவதும் அவர். அப்போது பாடம் எடுப்பது யார்?

ஆன்_ஆர்பர்_அப்பா:
பேராசிரியர்! எத்தனை தடவை சொல்வது?

பே_ஏரியா_வாசி:
மிச்சிகனில் டி.ஏ. என்றே சொல்வதில்லையே சார். ஜி.எஸ்.ஐ. என்பார்கள். கிராஜுவேட் ஸ்டூடன்ட் இன்ஸ்ட்ரக்டர். பெயரிலேயே இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறது. 2023இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அங்கே எவ்வளவு கலவரப்பட்டார்கள் என்பது நினைவில்லையா? இன்னொன்று, என் மகன் படித்த பெரிய பல்கலைக்கழகத்தில் டி.ஏ. பேசிய இங்கிலீஷே புரியவில்லையாம்.

பழைய_டி.ஏ:
இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது. மதுரையிலிருந்து வந்து ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் டி.ஏ.வாக இருந்தவன் நான். கால்குலஸ் வகுப்பு முழுக்க நான்தான் நடத்தினேன். இருபத்து நான்கு பிள்ளைகள், ஒவ்வொருவர் பேரும் தெரியும். தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரிந்தது. டி.ஏ. என்றால் ஏன் இவ்வளவு இளக்காரம்?

நியூஜெர்சி_அம்மா:
பார்த்தீர்களா, அவரே சொல்கிறார். வகுப்பு முழுக்க டி.ஏ.தான்.

ஆன்_ஆர்பர்_அப்பா:
கால்குலஸ் வேறு, வேதியியல் வேறு. தம்பி, நீங்கள் யார் பக்கம்?

பழைய_டி.ஏ:
யார் பக்கமும் இல்லை. டி.ஏ. பாடம் நடத்துகிறார், நன்றாக நடத்துகிறார். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல உங்கள் இருவருக்குமே மனசு வரவில்லை. ஆன் ஆர்பர் சார் எங்களை எடுபிடி மாதிரி சொல்கிறார், நியூஜெர்சி அக்கா எங்களை வியாதி மாதிரி சொல்கிறார். இன்றைக்குப் பேராசிரியராக இருப்பவர்களில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் டி.ஏ.வாக நின்றவர்கள்தான். வில்லியம்ஸ் பேராசிரியர் எங்கே பாடம் நடத்தப் பழகினார் என்று கேட்டுப் பாருங்கள்.

கிரின்னல்_பெற்றோர்:
கம்ப்யூட்டர் சிப் செய்யும் இன்டெல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் 1949இல் அயோவாவில் உள்ள கிரின்னல் என்ற சின்னக் காலேஜில் படித்து முடித்தவர். அவருக்கு டிரான்சிஸ்டரை அறிமுகப்படுத்தியது இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேல். டி.ஏ. இல்லை. 2020இல் நோபல் வாங்கிய ஜெனிஃபர் டௌட்னா படித்ததும் போமோனா என்ற சின்னக் காலேஜில்தான்.

ஆன்_ஆர்பர்_அப்பா:
நாய்ஸ் முனைவர் பட்டத்துக்கு எம்.ஐ.டி. போனார், டௌட்னா ஹார்வர்ட் போனார். கடைசியில் பெரிய இடத்துக்குத்தானே வந்தார்கள்? கிரின்னல் என்றால் ஊரில் யாருக்காவது தெரியுமா?

கிரின்னல்_பெற்றோர்:
ஊரில் உள்ளவர்களுக்காகவா பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள்? போன வருடம் காலேஜ் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு பற்றிப் பேசினபோதும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

ஆன்_ஆர்பர்_அப்பா:
அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

பாஸ்டன்_சித்தி:
சண்டை வேண்டாம். ஆம்ஹர்ஸ்ட் காலேஜில் சேருங்கள். அதுவும் ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் காலேஜ்கள், அப்புறம் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகம் எல்லாம் ஒரே கூட்டமைப்பு. சின்னக் காலேஜ் பிள்ளை பெரிய இடத்திலும் வகுப்பு எடுத்துக்கொள்ளலாம்.

நியூஜெர்சி_அம்மா:
அந்தப் பெரிய இடத்து வகுப்பை யார் எடுப்பார் அக்கா? டி.ஏ.!

பழைய_டி.ஏ:
மறுபடியும் அதே தொனி. பே_ஏரியா_வாசி இங்கிலீஷ் பற்றிச் சொன்னதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பே_ஏரியா_வாசி:
என் மகன் சொன்னதைத்தான் சொன்னேன். எதற்கு மன்னிப்பு?

பழைய_டி.ஏ:
உங்கள் மகன் அந்தப் பாடத்தில் என்ன மார்க் வாங்கினான்? அதைச் சொல்லுங்கள் முதலில். நான் எழுதுவதை நிறுத்தப் போவதில்லை. என் ஐந்து வருடத்தை யாரும் சந்தேகம் தீர்க்கும் வேலை என்று சுருக்க விடமாட்டேன்.

ஆன்_ஆர்பர்_அப்பா:
சரி, நடத்துங்கள். ஆனால் என் மகளுக்கு வேதியியல் எடுத்தது பேராசிரியர்தான்.

நியூஜெர்சி_அம்மா:
மேடையில் பேசினார் என்று சொல்லுங்கள், அண்ணா. பாடம் எடுத்தது டி.ஏ.