சுண்ணாம்புக்கல்லிலும் அதை ஒட்டிய மண்ணிலும் செதில் செதிலாகப் படர்வது எந்த லைக்கன்?

வரப்போரம் (கேள்வி)

வேலந்தாவளத்திற்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவே, நிலம் கேரளத்தில் இருந்தாலும் வீட்டுப் பேச்சும் பிள்ளைகளின் பள்ளிப்படிப்பும் தமிழிலேயே நடக்கும் ஓர் ஊரில் எங்கள் தோட்டம் இருக்கிறது. மண் கரிசல், இரண்டு முழம் தோண்டினால் வெள்ளைச் சுக்கான் கற்கள் புறப்படும். என் தகப்பனார் கிணறு வெட்டிய காலத்தில் மேலே எடுத்துப் போட்ட சுக்கான் பாறைத் துண்டுகள் தென்புற வரப்பில் இன்றும் அப்படியே கிடக்கின்றன.

அந்தக் கற்களின் மீதும், கற்களுக்கு இடைப்பட்ட மிதிபடாத மண்ணின் மீதும் பழுப்பு நிறத்தில் சிறு செதில்கள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் உளுந்தளவு இருக்கும். சில அதைவிடச் சற்றுப் பெரியவை. ஓரம் கொஞ்சம் வெளிறி, லேசாக மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது. பங்குனி வெயிலில் பார்த்தால் கருகிய தோல்போலத் தெரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தைப் பார்த்தால் உயிர் வந்ததுபோல விரிந்து கிடக்கும். என் பாட்டி இதை ‘மண்ணுக்கு வந்த சிரங்கு’ என்று சொல்வார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொன்னதில்லை.

மகள் தன் கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துப் பார்த்ததில் ‘ஸ்குவாமரினா கார்ட்டிலாஜினியா’ என்று பெயர் வந்தது. சுண்ணாம்புப் பாறையிலும் மண்ணிலும் வளரும் செதில் லைக்கன் என்ற விளக்கமும் இருந்தது. விளக்கம் பொருந்துகிறது, ஆனால் அதிலிருந்த படம் வெளிர்மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கிறது, எங்களுடையது பழுப்பு. பெயர் சரிதானா என்பதையும், கிணற்றுச் சுவரின் பழைய சுண்ணாம்புப் பூச்சிலும் இதே செதில்கள் வரத் தொடங்கியிருப்பதால் அவற்றைச் சுரண்டிவிட வேண்டுமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மசாலாவுக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான் என்று படித்தேன். இதுவும் அதன் வகையா?

பழைய தாவரவியல் (பதில்)

ஐயா, செயலி உங்களை முற்றிலும் தவறான வழியில் கொண்டுபோகவில்லை, ஆனால் தவறான நாட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. ஸ்குவாமரினா கார்ட்டிலாஜினியா, மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளிலும் மேற்கு ஐரோப்பாவின் சில சுண்ணாம்புப் பகுதிகளிலும் பாறை இடுக்குகளிலும் மண்ணிலும் வளர்வது. அதன் செதில்கள் தடித்தவை. உஸ்னிக் அமிலம் என்ற மஞ்சள் பொருள் இருப்பதால்தான் மேற்புறத்தில் அந்த மஞ்சள் கலந்த பச்சை தோன்றுகிறது. ஓரத்தில் வெண்மாவு தூவியதுபோல் இருக்கும், அடிப்புறம் வெளுத்திருக்கும், வேர்போன்ற இழைகள் இரா. காய்த்தால் செதிலின் மீது பழுப்பு நிற வட்டுகள் உட்காரும். பழுப்புச் செதிலுக்கு இந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

கல்பாசி இதிலிருந்து மிகவும் தள்ளி நிற்பது. மலைப்பகுதிகளில் மரப்பட்டைமீது இலைபோல அகலமாக விரியும் பார்மோட்ரேமா முதலிய இனங்களைத்தான் நாம் குழம்பில் போடுகிறோம். இதைச் சட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம். கல்லும் மண்ணும்தான் பல்லில் கடிபடும்.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் ஒரே குடித்தனம் என்பது 1867இல் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் முன்வைத்த கருத்து. அன்று அதைப் பலர் ஏற்கவில்லை. பெயர் பூஞ்சைக்குரியது, ஆகவே பூஞ்சையின் காய்ப்பு உறுப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் மேற்புற நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். நிறம் வெயிலைப் பொறுத்தும் ஈரத்தைப் பொறுத்தும் மாறிக்கொண்டே இருக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் மூன்று காரியங்கள் செய்யுங்கள். முதலில் காய்ந்த செதிலின் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள்: பளிச்சென்று பச்சையானால் உள்ளே இருப்பது பச்சைப்பாசி, கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ நின்றுவிட்டால் நீலப்பசும்பாசி. அடுத்து, ஒரே ஒரு செதிலைக் கத்திமுனையால் மண்ணோடு பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் வெளுத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா, வேரிழைகள் உண்டா, அல்லது நடுவில் ஒரே காம்பால் கல்லைப் பிடித்திருக்கிறதா என்பது முக்கியம். மூன்றாவதாக, மேற்புறத்தில் கிண்ணம்போல் திறந்த வட்டுகள் தெரிகின்றனவா, ஊசியால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள் மட்டும் தெரிகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். இவை மூன்றையும் எந்தச் செயலியாலும் படத்திலிருந்து பார்க்க முடியாது.

கல்லும் அமிலமும் (பதில்)

லைக்கனைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு; கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறேன். வாளையார், மதுக்கரைப் பக்கம் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல் வேறு, தோட்டத்துச் சுக்கான் வேறு. முன்னது பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் படிகமாகிய பழைய பாறை. சுக்கானோ, மழை குறைந்த இடத்தில் மண்நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு மண்ணுக்குள்ளேயே முடிச்சு முடிச்சாக இறுகியது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழைமறைவில் இருப்பதால்தான், கேரளத்தின் மற்றப் பகுதிகளில் செம்பொறைக் கல்லும் புளித்த மண்ணும் இருக்க, அங்கே மட்டும் காரத்தன்மை கொண்ட கரிசல் இருக்கிறது. லைக்கனுக்கு இரண்டும் சுண்ணாம்புதான்.

இருந்தாலும் ஒவ்வொரு கல்லையும் சோதித்துவிடுங்கள். வினிகர் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும். மெதுவாக நுரைத்தால் அந்த இடத்தைப் பொடி செய்து மீண்டும் விடுங்கள். அடுப்பங்கரைக் கடப்பாக்கல்லில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் மங்கிப் போவதும் இதே காரணத்தால்தான், கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக்கல்லே. வரப்பில் கருங்கல்லும் கலந்து கிடந்தால், கருங்கல்மேல் இருப்பதையும் சுக்கான்மேல் இருப்பதையும் ஒரே பெயரில் சேர்த்துவிடாதீர்கள். வினிகரைச் செதிலின்மேல் படாமல் வெறுங்கல்லில் விடுவது நல்லது.

வரப்போரம்

இருவருக்கும் நன்றி. நேற்றுக் காலை மகளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

வினிகர் விட்ட ஏழு கற்களில் ஆறு நுரைத்தன. நுரைக்காத ஒன்று கருங்கல். அதிலும் செதில்கள் இருந்தன, ஆனால் கிட்டப் பார்த்தபோது அவை வேறாகத் தெரிந்தன. சுக்கான்மேல் இருந்த செதில் தண்ணீர் பட்டதும் அரை நிமிடத்திற்குள் வெற்றிலைப் பச்சை ஆகிவிட்டது, மகள் வியந்துபோனாள். மண்மேல் இருந்ததும் அப்படியே. இரண்டிலும் கிண்ணமோ வட்டோ இல்லை. கசகசாவைவிடச் சிறிய கரும்புள்ளிகள் மட்டும் செதிலுக்குள் புதைந்து தெரிந்தன. திருப்பிப் பார்த்தபோது அடிப்புறம் கறுத்து, முரட்டுக் கரிய இழைகள் மண்ணைப் பிடித்திருந்தன.

கருங்கல்மேல் இருந்தவை தண்ணீர் விட்டபின்னும் கரும்பச்சையாகவே இருந்தன. அவை கேடயம்போல வட்டமாக, நடுவில் ஒரே இடத்தில் மட்டும் கல்லோடு ஒட்டியிருந்தன. ஓரம் பொடி உதிர்ந்ததுபோல் சொரசொரப்பாக இருந்தது.

பழைய தாவரவியல்

இவ்வளவு ஒழுங்காகப் பார்த்துச் சொன்னதற்கு முதலில் என் வணக்கம். கல்லூரியில் இப்படிக் குறிப்பெழுத வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கருங்கல்மேல் இருப்பது பெல்ட்டுலா இனம். நீலப்பசும்பாசி, நடுவில் ஒற்றைப் பிடிப்பு, பொடி உதிரும் ஓரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெல்ட்டுலா யூப்ளோக்கா என்றே சொல்லத் தோன்றுகிறது. நம் பக்கத்துச் சமவெளிப் பாறைகளில் வெயிலைப் பொருட்படுத்தாமல் வாழ்கிற இனம் அது. அதை இத்துடன் விட்டுவிடுவோம்; உங்கள் கேள்வி மற்றதைப் பற்றியது.

சுக்கானிலும் மண்ணிலும் இருப்பதில் கரும்புள்ளிகள் மட்டும் உள்ளன என்பதே வழக்கை முக்கால்வாசி முடித்துவிடுகிறது. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் செதிலுக்குள் புதைந்த, வித்து உருவாகும் ஒரு சிறு குடுவையின் வாய். ஸ்குவாமரினாவுக்குக் குடுவை கிடையாது, வட்டுதான். சுண்ணாம்பு மண்ணில் செங்கல் நிறத்தில் வெள்ளை விளிம்போடு வளரும் சோரா டெசிபியன்ஸ் என்ற இனத்தையும் இதே காரணத்தால் தள்ளிவிடலாம். அதில் கறுப்பு வட்டுகள் புடைத்து நிற்கும். மிஞ்சுவது, குடுவை உள்ள வெருக்கேரியேசி என்ற லைக்கன் குடும்பம். அதிலும் செதிலாக மண்ணில் வளர்பவற்றில் நமக்கு முன்னால் நிற்பவை பிளாசிடியம், எண்டோகார்ப்பான் என்ற இரண்டு பேரினங்கள்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஆகியவற்றை விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லும் நூல்கள் உண்டு. 1866இல் பின்லாந்துக்காரரான வில்லியம் நைலாண்டர் தொடங்கிவைத்த முறை அது. இந்த இரண்டு பேரினங்களிலும் அப்படி நிறம் காட்டும் பொருள்கள் இல்லை. எனவே அந்தச் சோதனைக்காக அலைய வேண்டாம்.

தடித்த கரிய வேரிழைகள் எண்டோகார்ப்பான் பக்கம் சாய்கின்றன. பிளாசிடியத்தில் பெரும்பாலும் மெல்லிய இழைப்பின்னல்தான் காணப்படும். ஆயினும் குடுவையை வெட்டிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பக்கத்தில் நுண்ணோக்கி உள்ளவர் யாரேனும் இருக்கிறீர்களா?

ஆய்வகத்து அக்கா

சித்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நானூறு மடங்கு காட்டும் நுண்ணோக்கி எங்களிடம் இருக்கிறது. வரப்போரம் ஐயா ஒரு தீப்பெட்டியில் நான்கு செதில்களைக் கொடுத்தனுப்பினார். ஈரப்படுத்தி, புதுச் சவர பிளேடால் கரும்புள்ளி வழியாக நெடுக்குவாட்டில் சீவினேன். முதல் ஆறு சீவல்கள் வீணாகிவிட்டன. ஏழாவதில் குடுவை முழுதாகக் கிடைத்தது.

குடுவைக்குள் வித்துகளைத் தாங்கும் நுண்பை ஒவ்வொன்றிலும் இரண்டே வித்துகள். பெரியவை, பழுத்தவை பழுப்பு நிறம், உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் செங்கல் அடுக்கிய சுவர்போலப் பல அறைகள். பைகளுக்கு இடையே மிகச் சிறிய பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தன. செதிலின் நடுப்பகுதியில் இருக்கும் பாசி உயிரணுக்களைவிட அவை சிறியவை. சீவும்போது பிளேடோடு இழுபட்டு வந்தவையோ என்று முதலில் சந்தேகப்பட்டேன், ஆனால் எல்லாச் சீவல்களிலும் அவை குடுவைக்குள்ளேயே இருந்தன.

பழைய தாவரவியல்

அம்மா, அந்தப் பச்சை உருண்டைகள் பிளேடோடு வந்த குப்பை அல்ல, அவைதான் நாம் தேடியவை. எண்டோகார்ப்பான் தன் குடுவைக்குள்ளேயே பாசியை வளர்க்கிறது. வித்து வெளியே தெறிக்கும்போது இந்தப் பாசி உயிரணுக்களும் அதோடு ஒட்டிக்கொண்டு போகின்றன. மற்ற பல லைக்கன்களின் வித்து விழுந்த இடத்தில் தனக்கேற்ற பாசியைத் தேடிப்பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அழிய வேண்டியதுதான். இதற்கு அந்தக் கவலை இல்லை, கட்டுச்சோற்றோடு பயணம் புறப்படுகிறது. 1877இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஸ்டால், எண்டோகார்ப்பான் புசில்லம் என்ற இனத்தின் வித்தையும் அதோடு வந்த பாசியையும் சேர்த்து வளர்த்து லைக்கனை உருவாக்கிக் காட்டியபோது, ஷ்வெண்டனரின் கருத்துக்குக் கண்கூடான சான்று கிடைத்தது. அந்தக் குடும்பத்து உறவினர்தான் உங்கள் வரப்பில் இருப்பது.

பிளாசிடியத்தில் பைக்கு எட்டு வித்துகள், ஒவ்வொன்றும் அறையில்லாத ஒற்றை உயிரணு, குடுவைக்குள் பாசி கிடையாது. ஆகவே பேரினத்தில் ஐயம் இல்லை: எண்டோகார்ப்பான். எழுதும் சீட்டில் ‘எண்டோகார்ப்பான், சுக்கான் கல்லிலும் கரிசலிலும்’ என்று எழுதுங்கள். வித்தின் நீள அகலத்தை அளந்த பிறகு இனப்பெயர் சேர்க்கலாம்.

வரப்போரம்

மிக்க மகிழ்ச்சி. சுரண்டுவதா வேண்டாமா என்பது மட்டும் பாக்கி.

கல்லும் அமிலமும்

கிணற்றுச் சுவர் என்றால் நான் சுரண்டச் சொல்வேன். வேரிழைகள் பூச்சின் விரிசலுக்குள் போய், நனைந்து விரிந்தும் காய்ந்து சுருங்கியும் மேற்பரப்பைப் பொடியாக்கும்.

பழைய தாவரவியல்

பூச்சை நீங்கள் புதுப்பிக்கப் போகிற வருடம் அது தானே போய்விடும். அதுவரை கம்பித் தூரிகையால் தேய்த்தால் லைக்கன் எடுப்பதைவிட அதிகச் சுண்ணாம்பை நீங்களே எடுத்துவிடுவீர்கள் என்பது என் எண்ணம். இதில் நண்பரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வரப்பு மண்ணில் இருப்பதை மட்டும் கட்டாயம் விட்டுவையுங்கள். அந்த இழைகள்தான் மேல்மண்ணைக் கோத்துப் பிடித்து, கோடைமழையின் முதல் அடியில் கரைந்தோடாமல் காக்கின்றன. ஆடு மாடு ஒருமுறை மிதித்து நொறுக்கினால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆய்வகத்து அக்கா

மீதி மூன்று செதில்களைக் காகித உறையில் காயவைத்து, தேதியும் இடமும் கல்லின் வகையும் எழுதி வைத்திருக்கிறேன். கண்ணளவுகோல் பொருத்திய நுண்ணோக்கி அடுத்த வாரம் கைக்கு வரும். வித்துகளை அளந்து இங்கேயே எழுதுகிறேன்.