கப்பலைக் கடலில் போடுவதா, பேரீச்சம்பழத்துக்குப் போடுவதா?

கொண்டை ஊசி 20

தாய்லாந்தின் கோ தாவ் தீவுக்கு ஸ்கூபா டைவிங் போய்விட்டு நேற்றுதான் ஏற்காடு திரும்பினேன். அங்கே சட்டகுட் என்று ஒரு பழைய போர்க்கப்பல் கடலடியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் ஓடி, அப்புறம் தாய்லாந்துக்குக் கைமாறிய கப்பல். 2011-ல் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். மேல்பகுதி 18 மீட்டரிலேயே வந்துவிடுகிறது, அடிப்பாகம் 30 மீட்டரில் மணலில் உட்கார்ந்திருக்கிறது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் முதலில் ஒன்றும் தெரியாது. வெறும் பச்சை. திடீரென்று காலுக்குக் கீழே முன்பக்கத்துப் பீரங்கி. அந்த ஆழத்தில் சிவப்பு நிறம் வந்து சேராது, எல்லாம் சாம்பலும் நீலமுமாகத்தான் தெரியும். டார்ச்சை அடித்தேன், பீரங்கிக் குழாய் நம் ஊர் செம்மண் போலச் சிவந்துவிட்டது. அதன் நிழலில் என் தொடை பருமனுக்கு ஒரு களவா மீன். நகரவே இல்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

கடலூர் என்று பெயர் வைத்த கடற்படைக் கப்பலைப் புதுச்சேரிக்கு வெளியே இறக்கி அருங்காட்சியகம் ஆக்கப்போவதாக 2018-ல் பேச்சு வந்தது. மகாராஷ்டிரத்தில் சிந்துதுர்க் பக்கம் குல்தார் என்ற கப்பலுக்கு இதே திட்டம். தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. நாமும் நாலு கப்பலை இறக்கினால் மீனுக்கு வீடு, ஊருக்கு வருமானம். எதிர்ப்பவர்கள் சொல்லுங்கள்.

காயலான் கடை

நான் எதிர்க்கிறேன் தம்பி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய இரும்பு வியாபாரம், 31 வருஷம். எங்கள் தொழிலுக்குக் காயலான் கடை என்று பேர் வந்ததே, காயல்பட்டினத்துக்காரர்கள் பழைய கப்பல் சாமான்களை வாங்கி விற்றதால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆக, கப்பலைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

நீங்கள் சொல்கிற குல்தார் 1,100 டன் கப்பல். அதில் பாதிதான் நல்ல தகடு, கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றே முக்கால் கோடிக்கு மேல் வரும். கப்பல் தகட்டை உருக்கக்கூட வேண்டாம், சூடுபண்ணி உருட்டினால் கம்பி ஆகிவிடும். பழைய கப்பல்களை உடைக்கிற குஜராத் அலங்கில் தினமும் நடக்கிற வேலை. இதை உப்புத் தண்ணீரில் போட்டுத் துரு ஏற்றிவிட்டு அதற்குப் பெயர் சுற்றுச்சூழலா? பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருந்தாலாவது பிள்ளைகள் தின்றிருக்கும்.

சில்வண்டு

அண்ணா, 1,100 டன்னுக்கு எத்தனை மூட்டை பேரீச்சம்பழம்?

வெள்ளாத்தங்கரை

நான் பிறந்தது பரங்கிப்பேட்டை, வாக்கப்பட்டது அம்மாபேட்டை. 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்து இரும்புத்தாதைக் கொண்டுபோய் எங்கள் ஊரில்தான் உலை போட்டார். இப்போது மறுபடியும் சேலத்துக்காரர்கள் எங்கள் கடலுக்கு இரும்பு அனுப்பப் பார்க்கிறீர்கள்.

கடலடியில் கரடும் கல்லுமாக இருக்கிற இடத்தை எங்கள் ஆட்கள் பார் என்பார்கள். பார் இருந்தால் மீன் இருக்கும். இதைச் சொல்லித்தர வெளிநாட்டிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. தென்னை மட்டையையும் மரக்கிளையையும் கல்லோடு கட்டி இறக்கி மீன் கூடவைக்கிறது எங்கள் தாத்தா காலத்து வேலை. கூடுகிறது என்றால் கூடத்தான் செய்யும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்பது வேறு. கப்பலால் மீன் புதிதாகப் பெருகுகிறதா, இல்லை நாலு திசையிலும் இருந்தது ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறதா? ஆராய்ச்சிக்காரர்களே பல வருஷமாக இதில் சண்டை போடுகிறார்கள். வந்து நிற்கிறது என்றால், பெரிய படகுக்காரன் ஒரே நாளில் வழித்துக்கொண்டு போக நீங்களே வசதி செய்து கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். சின்ன படகுக்காரன் வலையோ அந்த இரும்பில் மாட்டிக் கிழியும். டைவிங் வருகிறவர்களுக்காக அந்த இடத்தில் மீனே பிடிக்கக் கூடாது என்று பிற்பாடு ஒரு போர்டும் வரும்.

அப்படியே போடுவதானால் கான்கிரீட் போடுங்கள். தூத்துக்குடி வான் தீவு கரைந்துகொண்டே வந்தபோது 2015-லிருந்து ஓட்டை வைத்த கான்கிரீட் கட்டைகளை வரிசையாக இறக்கினார்கள். அலையின் வேகமும் மட்டுப்பட்டது, மீனும் வந்தது. அதில் துரு இல்லை, எண்ணெய் இல்லை.

கொண்டை ஊசி 20

அக்கா, வலை மாட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடத்தை மீனவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கான்கிரீட் கட்டையைப் பார்க்க யார் காசு கொடுத்து வருவான்? நான் முதல்முதலில் டைவிங் கற்றுக்கொண்டது புதுச்சேரியில், கான்கிரீட்டும் பழைய வலையும் போட்டு உண்டாக்கிய செயற்கைப் பாரில்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சட்டகுட் நினைவிருக்கிற மாதிரி அது நினைவில் இல்லை.

எண்ணெயைப் பொறுத்தவரை, மூழ்கடிக்கும் முன்பே சுத்தம் செய்துவிடுவார்கள். அது விபத்து இல்லை. 2025 மே மாதம் கேரளத்துக்கு வெளியே எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கவிழ்ந்து, 640 கன்டெய்னரோடு போய், கன்னியாகுமரிக் கரை வரை பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியதே, அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

பழைய மாலுமி

கடற்படையில் 15 வருஷம், இப்போது அஸ்தம்பட்டியில் ஓய்வு. சுத்தம் செய்துவிடுவார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரு கப்பலில் எத்தனை இடுக்கு இருக்கிறது என்று அதில் குடியிருந்தவனுக்குத்தான் தெரியும். எண்ணெய்த் தொட்டியைக் கழுவிவிடலாம். ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட், பழைய ஒயர் உறையிலும் கேஸ்கட்டிலும் ஊறிக்கிடக்கிற பி.சி.பி. என்னும் நஞ்சு, இதெல்லாம் துடைத்தால் போகாது.

அமெரிக்காவின் ஒரிஸ்கனி விமானந்தாங்கிக் கப்பலை 2006 மே 17-ல் ஃபுளோரிடாவுக்கு வெளியே மூழ்கடித்தார்கள். 270 மீட்டருக்கு மேல் நீளம். சுத்தம் செய்து இறக்க ஏறக்குறைய 2 கோடி டாலர் ஆனது. அவ்வளவு செலவழித்தும் 300 கிலோவுக்கு மேல் பி.சி.பி. உள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தேதான் அனுமதி கொடுத்தார்கள். அங்கே பிடித்த சில மீன்களில் அந்த நஞ்சு அளவுக்கு மேல் இருந்ததும் பின்னால் தெரியவந்தது.

நினைத்த மாதிரி மூழ்கவும் மூழ்காது. 2002-ல் ஸ்பீகல் குரோவ் என்ற கப்பல் குறித்த நேரத்துக்கு முன்பே தானாகக் கவிழ்ந்து, மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அதைச் சரித்துப் படுக்கவைக்கவே பெரும்பாடு. மூன்று வருஷம் கழித்து டென்னிஸ் புயல் வந்து நிமிர்த்தி வைத்தது! மனிதன் நூற்றைம்பது மீட்டர் கப்பலைக் கவிழ்த்துவிட்டான், புயல் சரிசெய்துவிட்டுப் போனது. அதே புயல் வேறு பக்கம் உருட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் வங்கக்கடலில் புயலுக்கா பஞ்சம்?

காயலான் கடை

அப்படிப் போடுங்க சார்.

வெள்ளாத்தங்கரை

டயர் கதையையும் சொல்லுங்கள். அதே ஃபுளோரிடாவில் 1970-களில் செயற்கைப் பார் என்று சொல்லி சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டிப் போட்டார்கள். கட்டு அறுந்து, டயர்கள் உருண்டு, பக்கத்தில் உயிரோடு இருந்த பவளத்தில் போய் மோதின. இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் அன்றைக்கு நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

கொண்டை ஊசி 20

டயர் லேசானது, உருளும். ஆயிரம் டன் இரும்பு அப்படி உருளாது. இரண்டும் ஒன்றா? ஒரு தப்பைக் காட்டி எல்லாமே தப்பு என்றால் மேட்டூர் அணையைக் கூடக் கட்டியிருக்க முடியாது. அங்கேயும்தான் 1934-ல் ஊர்களே தண்ணீருக்குள் போயின. பண்ணவாடியில் நீர் இறங்கும்போது நந்தியும் கிறிஸ்தவக் கோவில் கோபுரமும் வெளியே வந்தால் குடும்பத்தோடு பரிசலில் போய்ப் பார்க்கிறோம். மூழ்கிய பொருள் மேல் நமக்கு ஆசை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வெள்ளாத்தங்கரை

அந்த நந்தியை வேடிக்கை காட்டுவதற்காக யாரும் மூழ்கடிக்கவில்லை தம்பி. ஊரை விட்டுப் போனவர்கள் விட்டுப் போனது.

கொண்டை ஊசி 20

சரி, அந்த உவமை எடுபடவில்லை. வாபஸ்.

பழைய மாலுமி

வேறொரு விஷயம், இந்தச் சண்டையை விட முக்கியம். தம்பி புதுச்சேரியில் கற்றுக்கொண்டேன் என்கிறார், குடியிருப்பதோ ஏற்காட்டில். டைவ் முடித்து அன்றைக்கே மலை ஏறினீர்களா?

கொண்டை ஊசி 20

முதல் தடவை ஏறினேன் சார். காலையில் இரண்டு டைவ். மதியம் கிளம்பி விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக சேலம். அம்மா ரசம் வைத்திருப்பதாகச் சொன்னதால் அப்படியே மேலே. பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் இடது முழங்கையில் ஒரு குடைச்சல். டேங்க் தூக்கியதால் வந்த வலி என்று நினைத்தேன். இருபதாவது வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை, தோள்பட்டை வரை ஏறிவிட்டது. பக்கத்து எஸ்டேட் டாக்டர்தான் கதையைக் கேட்டதும், பேசாமல் வண்டியைத் திருப்பிக் கீழே இறங்கு என்று ஆக்ஸிஜன் வைத்து அனுப்பினார். டைவ் முடித்ததும் விமானம் ஏறக் கூடாது என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும், மலையைப் பற்றிக் கற்றுக்கொடுத்த இடத்தில் யாரும் சொல்லவில்லை.

பழைய மாலுமி

நினைத்தேன். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்துவிடுகிறது. 30 மீட்டரில் மேலே இருப்பதைப்போல நாலு மடங்கு அழுத்தம். மெல்ல மேலே வந்தாலும் மிச்சம் கொஞ்சம் உள்ளேயே இருக்கும், அது வெளியேற மணிக்கணக்கு ஆகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் சோடா மூடியைத் திறந்த கதைதான், மூட்டில் குமிழி கட்டிவிடும். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், இரண்டு மூன்று என்றால் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது என்பது விதி. சேலம் 300 மீட்டருக்குள், பிரச்சினை இல்லை. ஏற்காடு 1,500 மீட்டர். உங்கள் உடம்புக்கு அதுவும் விமானமும் ஒன்றுதான்.

கப்பலுக்குள் நுழைவது இன்னொன்று. இங்கிலாந்தில் ஸ்கில்லா என்ற கப்பலை 2004-ல் இதற்காகவே மூழ்கடித்தார்கள். 2007-ல் அதன் உள்ளே போன இரண்டு பேர் திரும்பவில்லை. வழி வெட்டி வைத்த கப்பல்தான் அதுவும். காலில் மாட்டிய துடுப்பு ஒரு தட்டு தட்டினால் சேறு கிளம்பி, கை இருப்பது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போகப் பயிற்சி தனி.

கொண்டை ஊசி 20

உள்ளே போகவில்லை சார், சத்தியமாக. கதவு வழியாக டார்ச் அடித்துப் பார்த்ததோடு சரி.

காயலான் கடை

ஒரு சந்தேகம். சுத்தம் செய்யும்போது அந்த ஒயரையெல்லாம் என்ன செய்வார்கள்?

பழைய மாலுமி

உருவி எடுத்துவிட வேண்டும். உறையில்தான் நஞ்சு. செம்பு, பித்தளை, இன்ஜின் எல்லாம் பெரும்பாலும் கரையிலேயே கழற்றிவிடுவார்கள். கூடு மட்டும்தான் கடலுக்குப் போகும்.

காயலான் கடை

செம்பு கரையிலேயே நிற்கும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. இவ்வளவு நேரம் எதற்குச் சண்டை?

வெள்ளாத்தங்கரை

அண்ணாவுக்குச் செம்பு கிடைத்துவிட்டது. என் வலைக்கு யார் பதில் சொல்வது?