சாம்பிள் கொண்டுவரும் விதிமுறை எழுத உதவி வேண்டும்

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் தர விதிமுறையைத் திருத்தி எழுதுகிறேன். தினமும் கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) ஓட்டுவது, அதன் முடிவை லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் குறிப்பது, சராசரியிலிருந்து 3 எஸ்டி (திட்ட விலக்கம்) தாண்டினால் ரிப்போர்ட்டை நிறுத்துவது, இதெல்லாம் சரி. சாம்பிள் மெஷினுக்கு வந்து சேரும் முன் நடப்பதுதான் கவலை.

போன வாரம் காசிமேட்டுப் பெரியவர் ஒருவருக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவாக 6.8 காட்டியது. சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) தர்பூசணிச் சாறு போலச் சிவந்திருந்தது. வழியிலேயே ரத்தச் செல்கள் உடைந்து, உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே கலந்துவிட்டது. மறுபடி எடுத்ததில் 4.3. அதுவரை அவர் மகள் தவித்த தவிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

டியூப்கள் வெயிலில் பைக்கில் வருகின்றன. சீரம் பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தாலும் பொட்டாசியம் ஏறும். எத்தனை மணி நேரத்துக்குள், எந்த வெப்பநிலையில் கொண்டுவருகிறீர்கள்? எந்த சாம்பிளைத் திருப்பி அனுப்புகிறீர்கள்? மருத்துவ லேப்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 15189:2022 படி எழுதியவர்கள் உங்கள் வாசகத்தைப் பகிர முடியுமா?