சம்பளத்தை விட்டுவிட்டு பில் போட ஆரம்பித்தவர்கள், கடலூர் - புதுவைப் பக்கம் யாராவது?

முதுநகர்வாசி:
கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்தேன். இப்போது பிரஷர் கேஜ், டிரான்ஸ்மிட்டர் மாதிரி அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்துகிற கேலிபரேஷன் வேலைகளை நானே தனியாக எடுத்துச் செய்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "கையில எவ்வளவு நிக்குது?" என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு என்பதை விடுங்கள், எப்போது வருகிறது என்று கேளுங்கள். வேலையை முடித்து, டிபார்ட்மென்டில் கையெழுத்து வாங்கி, அக்கவுன்ட்ஸுக்குப் போனால் "சார் லீவு". ஒரு கம்பெனியில் மாதக்கணக்கில் இந்தப் பதில்தான்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைக் கட்டாயம் செய்யுங்கள். காசு கிடையாது, ஆதாரும் பானும் போதும். 2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்கிறவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படி இழுத்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. யாராவது வட்டி கேட்டு லெட்டர் போடுவார்களா? அடுத்த முறை ஆலையை நிறுத்திப் பராமரிக்கிற ஷட்டவுன் வேலைக்குக் கூப்பிட மாட்டான். ஆனால் 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து, கெடு தாண்டி நிற்கிற பாக்கியைக் கொடுத்தால்தான் கம்பெனி அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். அது வேலை செய்கிறது. கணக்கு முடிக்கிற மார்ச் பிறந்தால் அவர்களே போன் போடுகிறார்கள்: "அண்ணே, பில்லுல உத்யம் நம்பர் போட்டுக் குடுத்துடுங்க."

கணக்குக்காரி, புதுவை:
அண்ணா, நீங்க நிஜமாவே கான்ட்ராக்டர். என் கதை வேற. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனி என்னை "கன்சல்டன்ட்"னு எடுத்தாங்க. காலையில 9 மணிக்கு விரல் வைக்கணும். லீவுக்கு மேனேஜர்கிட்ட நிக்கணும். வெளிவேலை தொடக் கூடாது. பி.எஃப். மட்டும் கிடையாது, வருமான வரிக்குன்னு 10 சதவீதம் டி.டி.எஸ். மட்டும் முன்கூட்டியே பிடிப்பாங்க! டி.டி.எஸ்.ஸாவது ரிட்டர்ன் போட்டா திரும்ப வரும். முதலாளி போட வேண்டிய 12 சதவீத பி.எஃப்.பும், அஞ்சு வருஷம் ஆனா வரவேண்டிய கிராஜுவிட்டியும் எங்க போய்க் கேக்கறது?

தொழிற்சங்க வக்கீல் ஒருத்தர் சொன்னார்: காகிதத்துல என்ன பேர் போட்டிருக்காங்கங்கறதை மட்டும் கோர்ட் பாக்காது, வேலையை எப்படிச் செய்யணும்னு யார் கட்டளை போடறாங்கன்னும் பாக்கும். 1956-லயே தாரங்கதரா கெமிக்கல் வழக்குல, கம்பெனி சுயதொழில்காரங்கன்னு சொன்ன சௌராஷ்டிரா உப்பளத்து ஆளுங்களை தொழிலாளிங்கதான்னு உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சாம். நான் கோர்ட்டுக்குப் போகலை, அதுக்குத் தெம்பு இல்லை. இப்ப வில்லியனூர்ல சில கடைங்களுக்குக் கணக்கு எழுதறேன். விரல் வைக்கறதில்லை, அதுவே பெரிய நிம்மதி.

ஏசி மெக்கானிக், அரியாங்குப்பம்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நம்ம பக்கம் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு ஈ.எஸ்.ஐ.யையும் சேத்துக்குங்க. 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கார்டு இருக்கு. நமக்கு ஏணியில இருந்து விழுந்தா நம்ம பாக்கெட்டுதான். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் அடிச்சப்ப ஊரே தண்ணி, வேலையே இல்ல. தண்ணி வடிஞ்சதும் அவுட்டோர் யூனிட் எல்லாம் போச்சுன்னு போன் ஓயல. சம்பளக்காரனுக்கு அந்தப் பட்டினியும் இல்ல, அந்த அறுவடையும் இல்ல.

முதுநகர்வாசி அண்ணே, ஒரு சந்தேகம். கடலூர்ல இருந்துகிட்டு இங்க புதுவையில வேலை எடுத்தா ஜி.எஸ்.டி. கேக்கறாங்களா?

முதுநகர்வாசி:
தம்பி, முள்ளோடை எல்லையைத் தாண்டினாலே ஜி.எஸ்.டி. கணக்கில் வெளிமாநிலம்தான். ஆனால் வெறும் சர்வீஸ் என்றால் வருடத்துக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. கூடவே இங்கிருந்து சாமான் விற்றால்தான் வம்பு. எல்லை தாண்டி விற்கிற சரக்குக்குப் பொதுவாக அந்த வரம்பு கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கேட்பார்கள். அதனால் ஸ்பேர் எதுவானாலும் கம்பெனியையே நேரடியாக வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். என் பில்லில் வேலைக்கூலி மட்டும்தான்.