மருந்து வேதியியல் பயிற்சி: தொகுப்பு ஆய்வகமா, நொதிச் சோதனை ஆய்வகமா?

கேள்வி:
இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். விடுமுறைக் காலப் பயிற்சிக்கு இரண்டு ஆய்வகங்கள் இசைந்துள்ளன. ஒன்றில் சிறு மூலக்கூறுகளைத் தொகுக்கிறார்கள், அதாவது வேதிவினைகளால் உருவாக்குகிறார்கள். மற்றொன்றில் அவை நொதிகளை எவ்வளவு தடுக்கின்றன என்று அளக்கிறார்கள். மருந்து வேதியியலில் முனைவர் பட்டம் பெற விரும்பும் எனக்கு எது பொருந்தும்?

மறுமொழி 1:
தொகுப்பு ஆய்வகத்தையே தேர்ந்தெடுங்கள். கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகட்டை 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்த்து வினை முடிந்ததா என்று கணிப்பதும், தூய்மையானது என்று நம்பிய சேர்மத்தை டியூட்டிரியக் குளோரோஃபார்மில் கரைத்து எடுத்த என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் 1.26, 2.05, 4.12 பிபிஎம் (நிறமாலை அளவுகோலின் அலகு) அருகே மிஞ்சிய கரைப்பானான எத்தில் அசிட்டேட் எட்டிப்பார்ப்பதை இனங்காண்பதும் கைப்பழக்கத்தால் வருபவை. பாடநூல் இதற்கு அதிகம் உதவாது.

மறுமொழி 2:
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நீரில் சரிவரக் கரையாத சேர்மங்கள் நுண்துகள்களாகத் திரண்டு, எந்த நொதியையும் தடுப்பதுபோல் பொய்த்தோற்றம் காட்டுவதுண்டு; சிறிதளவு டிரைட்டான் எக்ஸ்-100 (சவர்க்காரம் போன்ற பொருள்) சேர்த்தவுடன் அத்தடுப்பு மறைந்தால், அழகான ஐசி50 மதிப்பை (நொதியின் செயலைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) நம்பிப் பல வாரங்கள் தொகுப்பில் இறங்குவது வீண் என்று புரியும். நொதிச் சோதனை ஆய்வகம் கற்றுத்தரும் இந்த ஐயப்படும் பழக்கம் தொகுப்பாளருக்கும் தேவை.

மறுமொழி 3:
இரண்டுமே நல்லவைதான். அன்றாடம் உங்கள் அருகில் நின்று கற்றுத்தரப்போவது யார், கரைப்பான்களைக் கையாளப் பாதுகாப்புப் பயிற்சி உண்டா, ஆய்வேட்டை யார் சரிபார்ப்பார் என்று இரு ஆய்வகங்களிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.