மறுமொழி: ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரேரியனுக்கு ‘நூலகர்’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா துறைச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பட்டியலில் பெரும்பாலான சொற்கள் முடிந்துவிட்டன. ‘சப்ஸ்கிரிப்ஷன்’ என்பதற்குச் ‘சந்தா’ என்றதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ‘கண்டக்டர்’ விஷயத்தில் பேருந்து நடத்துநர் நினைவுக்கு வருவார் என்று சிலர் தயங்கினார்கள். ‘இசை நடத்துநர்’ என்று முன்னால் ஒரு சொல் சேர்ந்தாலே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். ‘மியூசிக் டைரக்டர்’தான் உண்மையிலேயே சிக்கலானது. நம்மூரில் அது திரைப்பட இசையமைப்பாளரைக் குறிக்கும். ஜூபின் மேத்தா 1978 முதல் 1991 வரை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநராக இருந்தார் என்று எழுதினால், அவர் அங்கே மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள். ஈழத்து நண்பர் சொன்ன ‘இசை நெறியாளர்’ எனக்குப் பிடித்திருக்கிறது. நாடகத்துக்கு ‘நெறியாள்கை’ என்று அங்கே வெகுநாளாகப் புழங்குகிற வழக்கு அது. எந்தப் பருவத்தில் எந்தப் படைப்பு, எந்த விருந்தினர், யாரை வேலைக்கு எடுப்பது என்று ஆண்டு முழுக்கத் திசை காட்டுகிறவருக்கு அது சரியாக அமைகிறது.

நான் எழுத வந்தது நேற்றைய மடலில் இருந்த இந்த வரிக்காக:

> லைப்ரேரியன் – நூலகர். இதில் பேச ஒன்றுமில்லை, அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

பேச நிறைய இருக்கிறது. அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8 என்பது வழக்கமான முழு அளவு. ஆக, வில் வாத்தியக்காரர்கள் மட்டும் 60 பேர். இரண்டு பேருக்கு ஒரு தாங்கி, அதில் ஒரு இசைத்தாள். ஒவ்வொரு வரிசையிலும் எல்லா வில்லும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போக வேண்டும். எந்தச் சுரத்துக்கு வில்லை இழுப்பது, எதற்குத் தள்ளுவது என்பதை முதல் வயலின் வரிசையின் தலைவர் முடிவு செய்து தன் தாளில் குறிப்பார். மற்ற வரிசைத் தலைவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் தாளில் குறிப்பார்கள். அங்கிருந்து 30 தாங்கிக்கும் அந்தக் குறிகளைப் பென்சிலால், ஒன்று விடாமல் எழுதிச் சேர்ப்பது யார்? நீங்கள் ‘நூலகர்’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோகச் சொல்கிறவர்தான். ஒரு மணி நேர சிம்பொனிக்கு இப்படி எத்தனை குறி விழும் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் வேறு நிகழ்ச்சி, வேறு நடத்துநர். செப்டம்பரில் தொடங்கி ஜூன் வரை போகிற பருவத்தில் இந்த வேலை நிற்பதே இல்லை.

நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் 1842இல் தொடங்கியது. அதன் பழைய தாள்களை 2011 முதல் இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். இசை நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் குறிப்பெழுதிய இசை ஏடுகளும் அங்கே இருக்கின்றன. அவர் இரண்டு நிறப் பென்சில் வைத்திருந்தார். நீலத்தில் எழுதியது தனக்கு, மேடையில் நிற்கும்போது பார்ப்பதற்கு. சிவப்பில் எழுதியது வாசிப்பவர்களுக்கு. அந்தச் சிவப்பை எடுத்து ஒவ்வொரு வாத்தியத்தின் தாளிலும் ஏற்ற வேண்டியது லைப்ரேரியன் பொறுப்பு. ஒத்திகையில் ‘இங்கே மெதுவாக’, ‘இங்கே ஓபோ மட்டும் மேலே தெரியட்டும்’ என்று ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லி நேரம் போக்க வேண்டாம், தாளே சொல்லிவிடும். ஒத்திகைக்குக் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு. பெரும்பாலும் வாரத்தில் சில அமர்வுகள்தான், அவையும் வாத்தியக்காரர் சங்க ஒப்பந்தத்தின்படி மணிக் கணக்கில் அளந்து வைத்தவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1943 நவம்பர் 14 அன்று நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தவிருந்த புருனோ வால்டருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது. 25 வயது உதவி நடத்துநராக இருந்த பெர்ன்ஸ்டைன் ஒத்திகையே இல்லாமல் மேடையேறினார், கச்சேரி வானொலியில் நாடு முழுக்கப் போனது, மறுநாள் நாளிதழின் முதல் பக்கத்தில் அவர் பெயர் வந்தது. இந்தக் கதையை எல்லோரும் அந்த இளைஞரின் திறமைக் கதையாகச் சொல்கிறார்கள், அது சரிதான். எனக்கு அதோடு இன்னொன்றும் தெரிகிறது: வால்டர் ஒத்திகை பார்த்து முடித்திருந்த தாள்கள்தான் ஒவ்வொரு தாங்கியிலும் இருந்தன. வாசிப்பவர்கள் கையில் அது இருந்ததால்தான் கடைசி நிமிடத்தில் ஆள் மாறியும் நிகழ்ச்சி தாங்கியது.

நம் குழுவில் சுவடிப் பதிப்பு அறிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள், ஆகவே இதை உங்களுக்கு விளக்கவே வேண்டாம்: பாடபேதம். இசையமைப்பாளர் புரூக்னரின் எட்டாம் சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1887இல் ஒரு வடிவம், 1890இல் அவரே திருத்திய இன்னொரு வடிவம். பின்னால் ஹாஸ் என்பவர் பதிப்பித்தபோது, திருத்திய வடிவத்தில் இல்லாத சில பகுதிகளைப் பழையதிலிருந்து எடுத்துச் சேர்த்தார். அவருக்குப் பின் வந்த நோவாக் அவற்றை விலக்கினார். நடத்துநர் கையில் ஹாஸ் பதிப்பும் வாத்தியக்காரர் முன்னால் நோவாக் பதிப்பும் இருந்தால், ஓர் இடத்துக்கு மேல் ஆளுக்கொரு பக்கத்தில் நிற்பார்கள். எந்த நடத்துநர் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறார் என்று பல மாதம் முன்பே கேட்டு, அதற்குப் பொருந்துகிற தாள்களைத் தருவித்து, இரண்டையும் வரி வரியாக ஒத்துப்பார்ப்பது இவர்தான். பழைய அச்சுகளில் பல இடங்களில் எழுத்து அடையாளம் மட்டும் இருக்கும், அடைப்பு (ஆங்கிலத்தில் ‘பார்’, இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) எண் இருக்காது. நடத்துநர் ‘143ஆம் அடைப்பிலிருந்து’ என்றால் யாருக்கும் தெரியாது. அங்கே எண் போடுவதும் இவர்தான்.

அப்புறம் வாடகைத் தாள். காப்புரிமை தீராத படைப்புகள் பலவற்றின் தாள்களை விலைக்கு வாங்க முடியாது, பதிப்பகத்திடம் வாடகைக்குத்தான் எடுக்க முடியும். வந்ததும் எண்ணிப் பார்த்து, பக்கம் புரட்ட இடைவெளி இல்லாத இடத்தில் அடுத்த பக்கத்தைப் பிரதி எடுத்து ஒட்டி, குறிகளை ஏற்றி, முதல் ஒத்திகைக்குச் சில வாரம் முன்பே வீட்டில் பழகுவதற்குக் கொடுத்தாக வேண்டும். கச்சேரி முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, பென்சில் குறிகளை அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்காகவே பேனாவைத் தொடாதே என்று புதிதாகச் சேர்கிறவரிடம் சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவையும் ‘நூலகர்’ சொல்லவில்லை. படிக்கிறவர் மனதில் நீள அலமாரியும் புத்தகம் வாங்கித் திருப்பிக் கொடுக்கிற மேசையும்தான் எழும். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே அந்தச் சொல் போதவில்லை. அமெரிக்காவில் 1983இல் இவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இப்போது அந்தச் சங்கம் தன்னை ‘மியூசிக் பெர்ஃபார்மன்ஸ் லைப்ரேரியன்’களின் சங்கம் என்று அழைத்துக்கொள்கிறது. நாமும் யோசிப்பதில் தவறில்லை.

வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘இசைத்தாள் காப்பாளர்’ என்று சொல்லலாமே?

அருங்காட்சியகக் காப்பாளர், விடுதிக் காப்பாளர் என்று நன்கு பழகிய சொல்தான். ஆனால் இருப்பதை இருந்தபடி வைத்திருப்பது என்ற பொருள் அதில் ஓங்கி நிற்கிறது. இவருடைய வேலையில் சேமிப்பு ஒரு பங்குதான், ஆயத்தம் செய்வதே பெரிது.

‘தாளாளர்’ சுருக்கமாக, அழகாக இருக்கிறது. ஆனால் அது பள்ளி நிர்வாகத்தில் உறுதியாக உட்கார்ந்துவிட்ட சொல். போதாக்குறைக்கு இசைத் துறையில் அதைக் கேட்டால் தாளம் போடுகிறவர் என்றும் எடுத்துக்கொள்வார்கள். ‘ஏட்டாளர்’ கேட்டவுடன் காவல் நிலைய ஏட்டு வந்து நிற்கிறார், வேண்டாம். ‘சுவடியாளர்’ என்று எழுதிய பேராசிரியரின் எண்ணத்தை மதிக்கிறேன். பாடபேதம் பார்க்கிற வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. இருந்தாலும் சுவடி என்றால் இன்று ஓலைதான் கண்முன் வருகிறது. போன மாதம் எழுதி இந்த வாரம் அரங்கேறும் புதிய படைப்பின் கணினி அச்சுத் தாளுக்கு அது எட்டாது.

என் பரிந்துரை ‘இசையேட்டுப் பொறுப்பாளர்’. பேச்சில் ‘ஏட்டுப் பொறுப்பாளர்’ என்றாலே போதும். ஒற்றைச் சொல்லாக இல்லையே என்று ஒரு நண்பர் வருந்துவார், தெரியும். நீளம் பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை. ‘வட்டார வளர்ச்சி அலுவலர்’ என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். ‘பொறுப்பாளர்’ என்பதில் எனக்கு வேண்டியது அதன் பதில் சொல்லும் கடமை. கச்சேரி நாளன்று ஒவ்வொரு தாங்கியிலும் உறையை வைத்து, நடத்துநரின் ஏட்டை மேடைப் பீடத்தில் வைத்து, முடிந்ததும் எண்ணி எடுப்பவர் அவர். இரண்டாம் கொம்புக்காரர் உறையில் ஒரு தாள் குறைந்தால் அந்தக் கேள்வி வேறு யாரிடமும் போகாது, இவரிடம்தான் வரும். வேலைக்கு எடுக்கும் தேர்விலேயே பிழை உள்ள தாளைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிற வழக்கம் இருக்கிறது. இவர்களில் பலர் வாத்தியம் பயின்றவர்கள். நியூயார்க்கில் கலைஞர் பட்டியலிலேயே, வாத்தியக்காரர்களுக்குக் கீழே இவர்கள் பெயரையும் போடுகிறார்கள்.

இதோடு ஒட்டிய இரண்டு சொற்களையும் இப்போதே முடித்துவிடலாம். நடத்துநர் முன்னால் இருப்பதில் எல்லா வாத்தியமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், அது ‘முழு ஏடு’. வாசிப்பவர் முன்னால் இருப்பதில் அவர் வரி மட்டும்தான் இருக்கும். இதற்குப் ‘பங்கேடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் சரி, சொல்லும்போது ‘கேடு’ என்று காதில் விழுகிறது. ‘தனி ஏடு’ என்றால் முழு ஏட்டுக்கு எதிர்ச்சொல்லாகவும் தெளிவாக நிற்கும். வாசிப்பவர் தன் தனி ஏட்டில் 80 அடைப்பு சும்மா இருந்துவிட்டு 81இல் நுழைய வேண்டியிருக்கும், மற்றவர் என்ன வாசிக்கிறார் என்று அவர் தாளில் இருக்காது. அதனால் நுழைவதற்கு முன் பக்கத்து வாத்தியத்தின் சில சுரங்களைச் சிறிய எழுத்தில் அங்கே போட்டு வைப்பது வழக்கம். அந்தச் சின்னக் குறிப்புக்கு ‘முன்குறி’ என்று போடலாம் என நினைக்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

இதெல்லாம் தமிழில் யாருக்கு வேண்டும் என்று ஒரு மடலில் கேள்வி வந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா, மிக்கெல் டாம்ஸ் நடத்த, வாசித்தது. தமிழ்ப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பெருமிதம் நிறைய இருந்தது, அது நியாயமே. ஆனால் மேடையில் அத்தனை பேர் முன்னால் இருந்த அத்தனை ஏடுகளும் எப்படி வந்தன என்று எழுத நினைத்த நிருபருக்குக் கையில் ஒரு சொல்லும் இருந்திருக்காது. அவருக்காகத்தான் இந்தப் பட்டியல். அங்கே வாசிக்கப்போகிற, அங்கேயே வேலைக்குப் போகப்போகிற நம் பிள்ளைகளுக்காகவும்தான்.

பட்டியலில் இப்படிப் போடலாம்:

இசையேட்டுப் பொறுப்பாளர் – ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வேண்டிய முழு ஏடு, தனி ஏடுகளைத் தருவித்து, பதிப்பு ஒத்துப்பார்த்து, குறிகள் ஏற்றி, வாசிப்பவர்களுக்கு உரிய நேரத்தில் சேர்ப்பித்து, திரும்பப் பெற்றுப் பேணுபவர்.

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். அடுத்தது ‘பெர்சனெல் மேனேஜர்’. ஒத்திகைக்கு வந்தவர் வராதவர் கணக்கு, விடுப்பில் போனவருக்கு மாற்று வாத்தியக்காரரை அன்றைக்கே தேடிப் பிடிப்பது, சங்க ஒப்பந்தப்படி இடைவேளை சரியாக விடப்படுகிறதா என்று கடிகாரம் பார்ப்பது எல்லாம் இவர் வேலை. ‘பணியாளர் மேலாளர்’ என்றால் அலுவலக வாடை அடிக்கிறது, ‘கலைஞர் மேலாளர்’ என்றால் ஒரு கலைஞரின் சொந்த மேலாளர் போல ஒலிக்கிறது. ஆலையிலோ துறைமுகத்திலோ நாடகக் கம்பெனியிலோ ஆள் கணக்குப் பார்த்து மாற்றாள் போடுகிறவரை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

அன்புடன்